மனுவை முடிக்க வேண்டியவர் யார்?

திங்கட்கிழமை காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பக்கம் போனால், மடித்த வெள்ளைத் தாளைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு மக்கள் வந்து இறங்குவதைக் காணலாம். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, பங்காளித் தகராறு என்று வருபவர்களுக்கு நடுவே, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று எழுதிக் கொண்டுவந்தவர்களும் வரிசையில் நிற்பார்கள். இந்த இரண்டாம் வகை மனுக்கள் ஆட்சியரின் மேசை வரைக்கும் வர வேண்டியவையே அல்ல. தெருமுனையில் தீர வேண்டிய ஒன்று மாவட்டத் தலைமை அலுவலகத்துக்கு வந்து நிற்கிறது என்றால், வழியில் எங்கோ ஓரிடத்தில் அது தீர்ந்ததாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள்.

முப்பத்தோரு ஆண்டுகள் வெவ்வேறு ஊர்களின் நகராட்சி அலுவலகங்களில் எழுத்துப் பணி பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு கடலூரில் குடியிருக்கிறேன். மனு எழுதத் தெரிந்தவன் என்று அக்கம்பக்கத்தில் தெரிந்துபோனதால், வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இதற்கு முன்னால் யாரிடம் கொடுத்தீர்கள், அந்த ஒப்புகை ரசீது இருக்கிறதா?" என்பதுதான். பெரும்பாலும் ரசீது இருக்காது. இருந்தாலும், அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்ற இரண்டு சொற்கள்தான் கிடைக்கும். அந்த இரண்டு சொற்களைப் பணிக்காலத்தில் நானும் நூற்றுக்கணக்கான கோப்புகளில் எழுதியிருக்கிறேன். எழுதியபோது அவை பொய் என்று நான் நினைக்கவில்லை. இன்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

ஒரு நகராட்சி அலுவலகத்துக்குள் மனு எப்படி நடக்கிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிந்துகொள்வது நல்லது. தபால் பிரிவில் பதிவாகி, உரிய எழுத்தர் தன்னிடம் வரும் தாள்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் ஏறி, அதற்கொரு ந.க. எண் (கோப்பு எண்) விழுந்த பிறகு, அது பொறியியல், சுகாதாரம், வருவாய், நகரமைப்பு ஆகிய நான்கு பிரிவுகளில் ஏதாவது ஒன்றுக்குப் போகும். எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது மனுவில் உள்ள முதல் வரி. 'சாக்கடை நாற்றம்' என்று தொடங்கினால் சுகாதாரப் பிரிவு. 'சாக்கடை உடைந்துள்ளது' என்று தொடங்கினால் பொறியியல் பிரிவு. 'ஆக்கிரமித்துக் கட்டியுள்ளார்கள்' என்றால் நகரமைப்புப் பிரிவு. பிரிவு தன் வேலையைச் செய்துவிட்டு அறிக்கை கொடுத்ததும், எழுத்தர் குறிப்பெழுதி, அதிகாரி கையெழுத்திட்டுக் கோப்பை முடித்துவிடுவார். மாதக் கடைசியில் ஆய்வுக்கு வரும் மேலதிகாரி பார்ப்பது நிலுவையில் எத்தனை என்பதைத்தான். முடிந்ததாகக் கணக்கில் வந்தவற்றில் எத்தனை உண்மையிலேயே முடிந்தன என்று கேட்ட அதிகாரிகளை என் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம்.

கடைத்தெருவை ஒட்டிய சந்தில் குடியிருந்த ஓர் அம்மா, வாசலில் கழிவுநீர் தேங்குகிறது என்று ஆறு மாதத்துக்குள் மூன்று முறை மனு கொடுத்தார். மூன்று முறையும் துப்புரவு வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி ஆட்களோடு போய் அவர் வீட்டு வாசலில் தூர் வாரிவிட்டு வந்தார். மூன்று முறையும் சுகாதாரப் பிரிவு அறிக்கை கொடுத்தது, மூன்று முறையும் நான் கோப்பை முடித்தேன். நான்காம் முறை அவர் எழுதிய மனுவோடு நேரே என் மேசைக்கு வந்து, "சார், நீங்க ஒரு தடவை வந்து பாருங்க, அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க" என்றார். எழுத்தர் களத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. இருந்தாலும் அன்று மாலை மேஸ்திரியோடு போனேன்.

அவர் வாசலில் கால்வாய் சுத்தமாகத்தான் இருந்தது, தண்ணீர் மட்டும் நகரவில்லை. கால்வாயை ஒட்டியே நடந்து கடைத்தெருவுக்கு வந்தபோது காரணம் தெரிந்தது. வரிசையாகப் பதினான்கு கடைகள். ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலுக்கு முன் கால்வாயின்மேல் கான்கிரீட் போட்டு மூடியிருந்தார். நடுவில் மண்வெட்டி நுழைய ஒரு சாண் இடம்கூட இல்லை. ஒரு மூலையில் மட்டும் விரிசல் விட்டிருந்த பலகையைக் கடப்பாரையால் நெம்பினார்கள். அது மேலே வந்ததும் எழுந்த வீச்சத்தில் இரண்டடி பின்வாங்கினேன். உள்ளே தண்ணீரே தெரியவில்லை. காகிதக் கோப்பைகள், தேங்காய் மட்டை, வாழை இலைச் சருகு, கட்டட வேலையில் மிஞ்சிய மணல் எல்லாம் இறுகிக் கறுத்து விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்தன. மேஸ்திரி கடப்பாரையை அதில் செருகினார். அது விழாமல் அப்படியே நின்றது.

மறுநாள் அந்த இடத்தைப் பற்றிப் பிரிவுகளில் இருந்த பழைய குறிப்புகளை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். தூர் வாரப்பட்டது என்று சுகாதாரப் பிரிவு எழுதியது உண்மை. கால்வாய்க் கட்டுமானம் நல்ல நிலையில் உள்ளது என்று பொறியியல் பிரிவு எழுதியதும் உண்மை. கடைகளின் மேல் வரி நிலுவை இல்லை என்று வருவாய்ப் பிரிவு சொன்னதும் உண்மை. நகரமைப்புப் பிரிவுக்கு அப்படி ஒரு மனு போகவே இல்லை, ஆக்கிரமிப்பு என்ற சொல் அந்த அம்மாவின் எந்தத் தாளிலும் இல்லாததால். எல்லாரும் உண்மையைத்தான் எழுதியிருந்தார்கள், தண்ணீர் மட்டும் அவர் வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

கடைக்காரர்களைக் குறை சொல்லிவிட்டு இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் என்னிடம் கேட்டது நியாயமான கேள்வி: "மூணு அடி பள்ளத்தைத் தாண்டி யார் சார் வண்டியைத் தள்ளிக்கிட்டு உள்ள வருவாங்க?" கால்வாய் கட்டியவர்கள் கடைக்குள் மனிதர்கள் எப்படி வருவார்கள் என்று யோசிக்காமல் கட்டினார்கள், கடைக்காரர்கள் தண்ணீர் எப்படிப் போகும் என்று யோசிக்காமல் மூடினார்கள். நல்ல வேளையாக அப்போதிருந்த ஆணையர் ஒரு பிற்பகலில் கடைக்காரர்களையும் சந்தில் குடியிருந்தவர்களையும் அதே இடத்தில் நிற்க வைத்துப் பேசினார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கக்கூடிய அளவில், கம்பிக் கொக்கி வைத்த சிறு சிறு பலகைகளாக மாற்றிக்கொள்வது, செலவைக் கடைக்காரர்கள் ஏற்பது, மாதத்துக்கு ஒரு முறை தூய்மைப் பணியாளர்கள் வரும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று பேசி முடித்தார்கள். முதல் மனு கொடுத்த நாளிலிருந்து அதற்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. முதல் முறை தூர் வாரிய அன்றே அந்த அம்மாவிடம் "தண்ணீர் போகிறதா?" என்று யாராவது கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

ஆகவே நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதுதான்: மனுவை முடித்துவைக்கும் அதிகாரம் மனு கொடுத்தவரிடம் இருக்க வேண்டும். அலுவலகம் தன் வேலையைச் செய்துவிட்டதாக எழுதட்டும். குறை தீர்ந்தது என்று அவர் சொன்ன பிறகே எண்ணை முடிக்கட்டும். அவர் ஒப்புக்கொள்ள மறுத்தால், எந்தக் காரணத்தால் முடிக்கிறோம் என்பதை அவருக்கு எழுத்தில் கொடுக்கட்டும்.

கடலூருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 1866-இல் நகராட்சியான ஊர் இது. 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்து, 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் 45 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பெயரில் மாநகராட்சி என்றாலும், திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், வண்டிப்பாளையம், முதுநகர், தேவனாம்பட்டினம் என்று தனித்தனி ஊர்களாகத்தான் மக்கள் மனத்தில் இருக்கிறது. கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் தாழ்ந்த நிலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததையும், 2015 நவம்பரில் பெய்த மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட ஊரில் சாக்கடை மனுவுக்கு ஒரு பருவம் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரில் வரும் அடைப்பு மனுவை இரண்டு சொல்லில் முடித்துவிட்டால், அது நவம்பரில் தெரு முழுவதையும் இழுத்துக்கொண்டு திரும்பி வரும். அதனால் என்னிடம் வருபவர்களை ஆவணியிலேயே எழுதச் சொல்கிறேன்.

வார்டு உறுப்பினரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. நம் ஊர்களில் பலர் மனு எழுதுவதில்லை, உறுப்பினரைக் கைபேசியில் கூப்பிடுகிறார்கள். அவர் உதவிப் பொறியாளரைக் கூப்பிடுகிறார். மாலைக்குள் வேலை நடந்துவிடுகிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் என்பதால், முன்பு அலுவலகப் படி ஏறத் தயங்கிய பெண்கள் இன்று உறுப்பினர் வீட்டு வாசலில் தயக்கமின்றி நின்று பேசுவதை நான் கண்ணால் பார்க்கிறேன், மகிழ்கிறேன். ஆனால் கைபேசியில் சொல்லித் தீர்ந்த குறைக்குப் பதிவேட்டில் இடம் இல்லை. ஒரே குழாய் ஓர் ஆண்டில் ஒன்பது முறை உடைந்து ஒன்பது முறையும் தொலைபேசி மூலமாகவே சரிசெய்யப்பட்டால், வரவு செலவுத் திட்டம் தயாரிக்கும் நேரத்தில் அந்தத் தெருவில் புகாரே இல்லை என்றுதான் காகிதம் சொல்லும். குழாயை மாற்றுவதற்கான மதிப்பீடு வேறு தெருவுக்குப் போய்விடும். ஆகையால் உறுப்பினரிடம் சொன்னாலும், அதே நாளில் 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணிலோ அலுவலகத் தபால் பிரிவிலோ பதிவு செய்து ஓர் எண் வாங்கிவிடுங்கள் என்று எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன்.

இருபது கிலோமீட்டர் சொச்சம் வடக்கே போனால் நிலைமை வேறு. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தபின் நகராட்சிகள் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளின் பொறுப்பிலேயே இயங்கி வந்திருக்கின்றன. அங்கே இருக்கும் என் சம்பந்தி வீட்டார், தெருவிளக்குக்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போகிறார்கள். சட்டம் இயற்ற வேண்டியவர் மின்விளக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது அவருக்கும் நல்லதல்ல, தெருவுக்கும் நல்லதல்ல. கடலூரில் வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இருப்பதன் அருமை அங்கே போய்வந்தால்தான் தெரிகிறது.

கடைகளுக்கு வருகிறேன். சிறு கடைக்காரருக்கும் நகராட்சிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ரசீதுகளால் ஆனது. கட்டடம் சொந்தமென்றால் அரையாண்டுக்கு ஒரு முறை சொத்து வரி (அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள் கட்டினால் ஐந்து விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை), அரையாண்டுக்கு ஒரு முறை தொழில் வரி, தொழில் உரிமம், குப்பைக்குக் கட்டணம். இவற்றை வாங்க வருபவர்கள் ஒவ்வொருவரும் தன் பிரிவின் தாளை மட்டும் பார்க்கிறார்கள். கடைக்காரர் அலுவலகத்துக்கு ஒரு குறை சொல்லப் போனால், முதலில் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. பாக்கி உள்ளவருடைய வாசலிலும் சாக்கடை அடைக்கத்தான் செய்கிறது. வரி வசூல் வேறு, குறைதீர்ப்பு வேறு என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் அலுவலகத்துக்கு வர வேண்டும். பாக்கி வைத்திருப்பவர் அச்சப்பட்டுப் புகாரே கொடுக்காமல் இருந்துவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தள்ளுவண்டிக்காரர்களின் நிலை இன்னும் நலிவானது. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் பேருந்து நிலையத்துக்கு வெளியே இட்லிக் கடை போட்டிருந்த ஓர் அக்கா, ஒரு நாள் சுகாதார ஆய்வாளர் அனுமதி கேட்டபோது, சுருக்குப் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். எல்லாம் நாள்தோறும் குத்தகைதாரரின் ஆள் கிழித்துக் கொடுத்த தரை வாடகைச் சீட்டுகள். எட்டு ஆண்டுகள் நாள் தவறாமல் பணம் கட்டியதால் அந்த இடத்தில் தனக்கு உரிமை இருக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். அந்தச் சீட்டுக்கு மறுநாள் மதிப்பில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவருக்கு உண்மையான பாதுகாப்பு வேறு இடத்தில் இருந்தது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், ஒவ்வொரு ஊரிலும் ஆணையர் தலைமையில் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அந்தக் குழுவில் குறைந்தது நாற்பது விழுக்காட்டினர் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுத்து, வியாபாரச் சான்றிதழ் வழங்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்ற நேர்ந்தால் முப்பது நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை மாலை சுண்டலும் வறுத்த மீனும் விற்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கும்போதெல்லாம், அடையாள அட்டை இருக்கிறதா, குழுவில் உங்கள் ஆள் யார் என்று விசாரிப்பேன். முதல் கேள்விக்குப் பலர் அட்டையை எடுத்துக் காட்டுகிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னவர் குறைவு. அட்டை ஒருவரைக் காப்பாற்றும். குழுவில் பேசும் ஆள்தான் வரிசை முழுவதையும் காப்பாற்றுவார்.

முடித்துவிட்டதாகச் சொல்லும் மனுவைத் திறப்பதற்கு நான் சொல்லித்தரும் வழி எளியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு தாளில், 'எனது இன்ன எண் கொண்ட மனு எந்தக் கள ஆய்வு அறிக்கையின் அடிப்படையில் முடிக்கப்பட்டது, அந்த அறிக்கையின் நகல் தருக' என்று கேட்டு, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். அந்தச் சட்டம் கோப்பின் நகலை மட்டுமல்ல, நடந்த பணியை நேரில் பார்வையிடும் உரிமையையும் தருகிறது. கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். அறிக்கை கேட்டு ஒரு தாள் போனதும், மறுபடி ஒருவர் தெருவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. ஊராட்சிக்குக் கிராம சபை எப்படியோ அப்படி நகரத்து வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் இது. அந்தக் கூட்டத்தில் புதுக் கோரிக்கைகளை வாங்குவதோடு, கடந்த மூன்று மாதத்தில் அந்தப் பகுதியில் முடிக்கப்பட்ட மனுக்களின் பட்டியலை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பெயர் வேண்டாம், தெருவும் குறையும் போதும். அந்தத் தெருக்காரர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆமாம் என்றோ இல்லை என்றோ அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்காகத் தெருவிளக்கு மனு ஒன்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் விளக்கு மாற்றிவிட்டுப் போனார்கள். அன்று இரவு எட்டு மணிக்கு அவர் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. மனுவில் அவர் எண்ணை எழுதியிருந்தேன். ஓர் இளம் பொறியாளர். "அம்மா, விளக்கு இப்ப எரியுதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். "எரியுது தம்பி, ஆனா அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்றிருக்கிறார் பாட்டி. "அப்படின்னா நான் முடிக்கலைம்மா, காலையில ஆள் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். காலையில் ஏணியோடு இரண்டு பேர் வந்து, கம்பத்தின் மேலே தளர்ந்திருந்த இணைப்பை இறுக்கிவிட்டுப் போனார்கள். இரவு அதே நேரத்துக்கு மறுபடி அழைப்பு வந்தது. பாட்டி வாசலுக்கு வந்து, விளக்கை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.